சொல்லும் குரலும்: அங்கத வரலாற்றில் இரு சிறு நூல்கள்

மணி அடித்து அரை மணிநேரம் கழிந்தபின் வகுப்பினுள் நுழையும் மாணவனை நோக்கி, 'வருக, வருக, நல்ல வேளைக்கு வந்தாய்' என ஆசிரியர் கூறுவாராயின், வகுப்பிலுள்ளார் யாவரும் நகைப்பர். சொல் வரவேற்புச் சொல்லே, பொருளோ கண்டனம். இதனை விளங்கிக்கொள்வதற்கு எவர்க்கும் உரைநூல் வேண்டியதில்லை. ஆசிரியரின் குரலைக் கேட்கின்றனர், முகத்தைக் காண்கின்றனர், எல்லாவற்றுக்கும் மேலாக, மணி எப்பொழுது அடித்தது என்பதை அறிந்திருக்கின்றனர். அதே சொற்களைத் தாளில் எழுதி, மணி அடித்ததை அறியாத ஒருவரிடம் கொடுத்தால், அவர் அவ்வாசிரியரை விருந்தோம்பலிற் சிறந்தவர் என்றே எண்ணுவர்.

இலக்கியங் கற்போர்க்கும் வரலாறு கற்போர்க்கும் பொதுவாயுள்ள இடர்ப்பாடு இதுவேயாகும். நூலின் சொல் நம் கையில் இருக்கின்றது; குரல் இல்லை. குரலை எவ்வாறு மீட்டறிவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதற்கண், நம் மாணவர் வினாத்தாள்களில் அடிக்கடி எதிர்கொள்ளும் நான்கு சொற்களை வேறுபடுத்தி அறிதல் நன்று. ஒரு நூல் அடிப்படையாகக் கொண்டு நிறுவ முயலும் கருத்து அதன் பொருட்கரு. அப்பொருளையும் படிப்போரையும் நோக்கி எழுதியோன் கொள்ளும் மனநிலை சொல்லிலே வெளிப்படுவது தொனி. படிப்போர் உள்ளத்திலே நூல் தோற்றுவிக்கும் உணர்ச்சி, உணர்ச்சிச் சூழல் எனப்படும். கூறப்பட்டது ஒன்றாகவும் கருதப்பட்டது அதற்கு மாறானதாகவும் அமைவதை ஆங்கிலேயர் 'ஐரனி' என்பர். பெயர் புதிதாயினும் பொருள் நமக்குப் புதிதன்று. தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியலில் நகைக்குரிய நிலைக்களன் நான்கனுள் எள்ளலை முதற்கண் வைத்தனர். செய்யுளியலில் அங்கதத்தைக் கூறுமிடத்து, வெளிப்படையாகப் பழிப்பதைச் செம்பொருள் என்றும், மறைத்துப் பழிப்பதைப் பழிகரப்பு என்றும் இரண்டாகப் பகுத்தனர். தண்டியலங்காரமும் இலேச அணியைக் கூறுமிடத்தில், புகழ்ச்சியின் வடிவில் வரும் பழிப்பினைக் குறிப்பிடுகின்றது. வஞ்சப்புகழ்ச்சி என்று நாம் வழங்குவது இதனையே.

இவையெல்லாம் இலக்கிய நயம் பாராட்டுவார்க்கே உரியவை, வரலாற்று மாணவனுக்கு இவற்றால் ஆவதென்னை எனச் சிலர் வினவக்கூடும். பழிகரப்பு அங்கதத்தைக் காலத்தினின்றும் பிரித்து அறிதல் இயலாது. காலத்தை அறியாதவன் அதனைத் தலைகீழாகவே கொள்வான் என்பது அதற்கு விடையாகும். ஆங்கில மொழியிலே 27 ஆண்டு இடைவெளியில் வெளிவந்த இரு சிறு நூல்களின் வரலாறு இதனை நன்கு விளக்கும். முதல் நூலின் ஆசிரியர் டானியல் டீபோ. இரண்டாவதன் ஆசிரியர் யோனதன் சுவிப்ற்.

டீபோவை நம் மாணவர் 'றொபின்சன் குறூசோ' எழுதியவர் என்ற அளவில் அறிவர். அந்நூல் வெளிவந்தது 1719ஆம் ஆண்டில். கண்டி இராச்சியத்திலே பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேற் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸின் வரலாற்றை, அடுத்த ஆண்டிலே 'கப்ரின் சிங்கிள்ற்றன்' என்ற தமது கதையினுட் சுருக்கிச் சேர்த்தவரும் இவரே. ஆயினும் கதாசிரியராகப் புகழ்பெறுவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே, ஒரு சிறு நூலின் காரணமாக அவர் இங்கிலாந்து முழுவதும் பெயர் பெற்றிருந்தார். அப்பெயர் அவருக்கு நன்மை பயந்ததன்று.

அக்கால நிலை இது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இங்கிலாந்தின் அரச திருச்சபையை ஏற்காது தனித்தனிச் சபைகளாய் வழிபட்ட புரட்டெஸ்தாந்தர் பலர் இருந்தனர். இவர்களை ஈண்டுப் பிரிந்த சபையார் என்போம். டீபோ இவர்களுள் ஒருவர். 1661ஆம், 1673ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி, அரச திருச்சபையின் முறைப்படி நற்கருணை பெறாதவர் அரச பதவியோ நகராட்சிப் பதவியோ வகித்தல் இயலாது. 1689ஆம் ஆண்டுச் சட்டம் பிரிந்த சபையார்க்கு வழிபாட்டுச் சுதந்திரத்தை அளித்ததாயினும் பதவித் தடையை நீக்கவில்லை. ஆகவே அவர்களிற் சிலர் ஆண்டுக்கொருமுறை அரச திருச்சபையில் நற்கருணை பெற்றுப் பதவியைக் காத்துக்கொண்டு, ஏனைய நாட்களிலே தத்தம் சபையில் வழிபட்டு வந்தனர்.

1702ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மூன்றாம் வில்லியம் இறந்தார். ஆன் அரசி முடிசூடினார். பிரிந்த சபையார்க்கு ஆதரவாயிருந்த மன்னர் மறைந்ததும் ரோறிக் கட்சியினர்க்கும் அவர்தம் குருமார்க்கும் ஊக்கம் பிறந்தது. இடையிடையே நற்கருணை பெற்றுப் பதவி வகிக்கும் வழக்கத்தை ஒழிக்க அவ்வாண்டிலேயே பாராளுமன்றத்தில் ஒரு மசோதா கொண்டுவரப்பட்டது. ஒக்ஸ்போட்டிலே கென்றி சச்செவெரல் என்னுங் குரு, இவர்களோடு இணங்கிப் போதல் தகாது, இவர்க்கெதிராகப் போர்க்கொடி உயர்த்துதலே தகும் என்னுங் கருத்துப்படப் பிரசங்கித்தார். அவ்வாண்டின் உணர்ச்சிச் சூழல் அத்தகையது.

இச்சூழலிலே, 1702ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், 'பிரிந்த சபையாரைத் தீர்த்தற்குக் குறுக்கு வழி' எனத் தமிழில் நாம் கூறத்தக்க தலைப்புடன் ஆசிரியர் பெயரின்றி ஒரு சிறு நூல் வெளிவந்தது. அதன் குரல் ஒரு தீவிர ரோறியின் குரல். இத்தனை ஆண்டு பொறுத்தோம், இனிப் பொறுத்தலாகாது. சிறு சிறு தண்டங்களால் இவர்களைத் திருத்த முயல்வது வீண். இவர்கள் கூட்டத்திற் காணப்படுவோரை நாடுகடத்துக, போதகரைத் தூக்கிலிடுக. நச்சுப் பாம்பைக் கொல்லுதல் கொடுமையன்று, அயலார்க்குச் செய்யும் உபகாரமேயாகும். இவ்வண்ணஞ் செல்கின்றது அந்நூலின் வாதம். நூலில் ஓரிடத்திலேனும் எழுதியவர் புன்முறுவல் காட்டவில்லை.

எழுதியவர் டீபோவே. எதிர்க்கட்சியினரின் வாதத்தை அதன் இறுதி எல்லைவரை கொண்டு சென்று நிறுத்திக்காட்டினால், அதன் கொடுமை யாவர்க்கும் புலனாகும் என்பது அவர் எண்ணம். பொருட்கரு சமயப்பொறை, நூலிற் பேசுவதோ பொறையின்மையின் குரல். இவ்விரண்டுக்குமிடையே உள்ள தூரமே அங்கதம். அத்தூரத்தைக் கண்டுகொள்ளுதல் படிப்போர் கடன் என அவர் விட்டுவிட்டார்.

படிப்போர் கண்டுகொள்ளவில்லை. திருச்சபைக் கட்சியினரிற் சிலர் தமது உள்ளக்கிடக்கையைத் துணிந்து கூறியதற்காக அந்நூலை மெச்சினர் என டீபோ பின்னாளிற் கூறுவர். பிரிந்த சபையாரோ மெய்யாகவே அஞ்சினர். எழுதியவர் யார் என்பது வெளிப்பட்டதும் இரு சாராரும் வெகுண்டனர். ஏமாற்றப்பட்டதற்காக ஒரு சாரார் சினந்தனர். தம்மை வீணே அச்சுறுத்தியதற்காக மறு சாரார் சினந்தனர். ஒருவரும் அவர் பக்கம் நிற்கவில்லை.

1703ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் அவரைப் பிடித்துக் கொடுப்போர்க்கு 50 பவுண் வெகுமதி அளிக்கப்படும் என அரச வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அவ்வறிவித்தல் அவரை ஏறத்தாழ நாற்பது வயதினர், நடுத்தர உயரமும் மெலிந்த உடலும் உடையவர், வளைந்த மூக்கினர், வாயருகே பெரிய மறுவுடையவர் என விவரிக்கின்றது. அவரது உருவத்தைப் பற்றி நாம் அறிவதிற் பெரும்பகுதி இவ்வறிவித்தலால் வந்ததே. பெப்ரவரி மாதத்திலே பாராளுமன்றக் கீழ்ச்சபையின் கட்டளைப்படி அந்நூல் தண்டனை நிறைவேற்றுவோனாற் பகிரங்கமாக எரிக்கப்பட்டது. தாம் எழுதியது அங்கதமே என விளக்கி டீபோ வெளியிட்ட மற்றொரு சிறு நூலினாற் பயன் விளையவில்லை. மே மாதத்தில் அவர் பிடிபட்டார். யூலை மாத விசாரணையிலே, அரசைப் பழித்து எழுதிய குற்றத்தை ஒப்புக்கொண்டார். 200 மார்க்குத் தண்டமும், மூன்று முறை தொழுமரத்தில் நிற்றலும், ஏழாண்டு நன்னடத்தைக்குப் பிணை கொடுக்கும்வரை சிறையும் விதிக்கப்பட்டன.

தொழுமரமாவது கழுத்தையும் இரு கைகளையும் பலகைத் துளைகளிற் புகுத்திப் பூட்டி, ஒருவரைச் சந்தியில் நிறுத்தும் பொறியாகும். கூடிநிற்போர் அழுகிய பண்டங்களையும் கற்களையும் வீசுவர். காயமுற்று இறந்தாரும் உளர். யூலை 29, 30, 31ஆந் தேதிகளில் இலண்டன் நகரின் மூன்று பகிரங்க இடங்களில் டீபோ அவ்வாறு நின்றார். மக்கள் அவர்மீது மலர் தூவினர் என்பது பின்னாளில் வழங்கிய கதை. அதனை அவ்வாறே ஏற்றற்குத் தக்க சான்றில்லை. எனினும் அவர் ஊறின்றி மீண்டார். தொழுமரத்தை முன்னிலைப்படுத்தி அவர் பாடிய செய்யுள் நூலொன்றும் அந்நாளிலேயே வெளியாயிற்று. நவம்பர் மாதத்தில், கீழ்ச்சபைச் சபாநாயகர் றொபேட் கார்லியின் முயற்சியால் அவர் விடுதலை பெற்றார். ஆனால் அதன்பின் பல்லாண்டு கார்லிக்குப் பணியாளராய் எழுதவும் ஒற்றறியவும் வேண்டியிருந்தது. சிறைப்பட்டிருந்த காலத்தில் அவரது செங்கல், ஓட்டுத் தொழிற்சாலை அழிந்தது. மனைவி மக்கள் வறுமையுற்றனர். ஒரு நூலின் தொனியைப் படிப்போர் பிழைபட உணர்ந்தமைக்கு ஒரு மனிதர் செலுத்திய விலை இது.

படிப்போர் யாவரும் மூடரென்று கூறிவிடலாமா? கூடாது. 1702ஆம் ஆண்டிலே மெய்யான பிரசங்கங்களும் ஏறத்தாழ அவ்வாறே ஒலித்தன. போலிக்குரல் மெய்க்குரலோடு வேற்றுமையின்றிப் பொருந்திவிட்டது. இன்று அந்நூலைப் படிக்கும் நமக்கு அது அங்கதமென்று எளிதிற் புலப்படுவதற்குக் காரணம் நமது கூரறிவன்று. எழுதியவர் பெயரை நாம் முன்னரே அறிந்திருத்தலேயாகும்.

இனி இரண்டாவது நூலுக்கு வருவோம். யோனதன் சுவிப்ற் 1667ஆம் ஆண்டில் டப்ளினிற் பிறந்தவர். 1713ஆம் ஆண்டு முதல் அந்நகரின் தூய பற்றிக்குத் தேவாலயத்து முதற்குருவாயிருந்தவர். 'கலிவரின் யாத்திரை' 1726ஆம் ஆண்டில் வெளிவந்தது. அயர்லாந்து அக்காலத்தில் தனக்கெனப் பாராளுமன்றம் உடையதாயினும் இங்கிலாந்துக்கு அடங்கிய நாடாகவே இருந்தது. 1699ஆம் ஆண்டுச் சட்டம் அயர்லாந்தில் நெய்த கம்பளித் துணியைப் பிறநாடுகளுக்கு அனுப்புவதைத் தடுத்தது. 1720ஆம் ஆண்டுச் சட்டம் அயர்லாந்துக்காகச் சட்டமியற்றும் அதிகாரம் இங்கிலாந்துப் பாராளுமன்றத்திற்கு உண்டென நிலைநாட்டியது. நிலக்கிழார் பலர் இங்கிலாந்திலிருந்தே குத்தகைப் பணத்தைப் பெற்றுச் செலவிட்டனர். 1720களின் இறுதியில் விளைவு தொடர்ந்து பொய்த்தது. டப்ளின் வீதிகள் குழந்தைகளோடு இரந்து திரியும் தாய்மாரால் நிறைந்தன.

சுவிப்ற் இவற்றைப் பற்றி ஏற்கெனவே நேராக எழுதிப் பார்த்தவர். உள்நாட்டுப் பொருட்களையே வாங்குக என 1720ஆம் ஆண்டில் அவர் பெயரின்றி எழுதிய நூலுக்காக அச்சிட்டவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. இங்கிலாந்திலே வூட் என்பவர்க்கு அளிக்கப்பட்ட செப்புக்காசு உரிமையை எதிர்த்து, 1724ஆம் ஆண்டிலே துணி வணிகர் ஒருவரின் பெயரிற் கடிதங்கள் எழுதினார். எழுதியவரைக் காட்டிக்கொடுப்போர்க்கு 300 பவுண் என அரசு அறிவித்தது. எழுதியவர் யார் என்பது நகரமெங்கும் தெரிந்திருந்தும் ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை. அடுத்த ஆண்டில் அவ்வுரிமை கைவிடப்பட்டது. ஆயினும் நாட்டின் வறுமை நீங்கவில்லை.

1729ஆம் ஆண்டில் வெளிவந்தது 'ஓர் அடக்கமான யோசனை' எனத் தமிழில் வழங்கத்தக்க சிறு நூல். அதிற் பேசுபவர் அமைதியான, கணக்கிற் கெட்டிக்காரரான, நாட்டு நலம் விரும்பும் கனவான் ஒருவர். ஏழைத் தாய்மார்க்கு ஆண்டுதோறும் 120,000 பிள்ளைகள் பிறக்கின்றன எனக் கணக்கிடுகின்றார். இவர்களுள் 20,000 பேரை இனப்பெருக்கத்திற்கென விட்டு, எஞ்சிய 100,000 பேரையும் ஒரு வயதானதும் செல்வர் உணவுக்காக விற்கலாம் என்கிறார். வளர்க்குஞ் செலவு இரண்டு சிலிங், விலை பத்துச் சிலிங், தாய்க்கு எட்டுச் சிலிங் இலாபம் எனவும் காட்டுகின்றார். சமைக்கும் வகையையும் பருவத்தையுங் கூடக் கூறத் தவறுவதில்லை.

இந்நூலிலே தொனியும் உணர்ச்சிச் சூழலும் நேர் எதிராய் நிற்பதை மாணவர் உற்றுநோக்குதல் வேண்டும். தொனி குளிர்ந்தது, படிப்போர் நெஞ்சில் எழுவதோ அச்சமும் இளிவரலும். பேசுபவர் ஓரிடத்திலும் வெகுளவில்லை. வெகுளி முழுவதும் நம்மிடத்தே பிறக்கின்றது. அமைதியான இக்குரலும் சுவிப்ற் புதிதாய்க் கண்டதன்று. வில்லியம் பெற்றி முதலியோர் 17ஆம் நூற்றாண்டிலே தொடங்கிவைத்த அரசியற் கணக்கு நூல்கள் மக்களைத் தலைக்கணக்காகவும் பவுண், சிலிங் விலையாகவும் மதிப்பிட்டன. பெற்றி அயர்லாந்தைப் பற்றியே அவ்வாறு எழுதியவர். மனிதரை எண்ணாக மட்டும் காணும் அக்குரலையே சுவிப்ற் எடுத்தாண்டார். அக்குரல் வழங்கிய காலத்தை அறியாதவன், நூலின் கொடுமையை அறிவான்; ஆனால் அதன் இலக்கை அறியான்.

நூலின் இறுதிப் பகுதியிலே சுவிப்ற் திறந்து வைத்த ஒரு வாயில் உண்டு. பேசுபவர், வேறு பரிகாரங்களைப் பற்றி எவரும் என்னிடம் பேசவேண்டா என மறுத்து, அவற்றை வரிசையாகக் கூறுகின்றார். நாட்டில் வாழாத நிலக்கிழார்மீது வரி விதித்தல், உள்நாட்டுப் பொருளையே பயன்படுத்தல், குத்தகைக்காரரிடத்து இரக்கங் காட்டல் முதலியன அவை. சுவிப்ற் வாழ்நாளெல்லாம் வற்புறுத்தி வந்த கருத்துக்கள் இவையே. தள்ளப்படுவது போல வருவதே கொள்ளப்படுவது. இதுவே பொருட்கருவின் இருப்பிடம். நிலக்கிழாரும் ஆட்சியாளரும் பெற்றோரை ஏற்கெனவே விழுங்கிவிட்டனர், பிள்ளைகள் மட்டுமே எஞ்சியுள்ளனர் என்னும் கருத்து நூலெங்கும் ஊடுருவிச் செல்கின்றது. இந்நூலுக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. அதே வேளையில், இதனாற் சட்டமெதுவும் மாறியதுமில்லை.

இரு நூல்களையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை புலனாகும். சுவிப்ற்றின் யோசனையை மெய்யாகவே கூறத்தக்க கட்சி எதுவும் உலகில் இல்லை. ஆகவே படிப்போர் விரைவிலோ தாமதித்தோ விழித்துக்கொள்வர். டீபோவின் யோசனையை மெய்யாகவே விரும்பத்தக்கோர் இலண்டனில் இருந்தனர். ஆகவே எவரும் விழிக்கவில்லை. அங்கதத்தின் வெற்றி எழுதியவரின் ஆற்றலில் மட்டும் தங்கியதன்று. போலிக்குரலுக்கும் அக்காலத்து மெய்க்குரலுக்கும் உள்ள தூரத்திலும் அது தங்கியுள்ளது. டீபோ இதனைப் பின்னரும் உணர்ந்தாரல்லர் போலும். 1713ஆம் ஆண்டில் அரசுரிமையைப் பற்றி அவ்வாறே மாற்றுக்குரலில் எழுதி மீண்டும் பிடிபட்டு, அரசியின் மன்னிப்பினால் தப்பினார்.

இவ்வுண்மைக்கு நம் இலக்கியத்திலேயே பழைய சான்றொன்று உண்டு. புறநானூற்றின் 95ஆம் பாட்டு ஔவையார் பாடியது. ஒருவரின் படைக்கலங்கள் பீலி அணிந்து, மாலை சூட்டப்பெற்று, நெய் பூசப்பெற்றுக் காவலுடைய பெருமனையில் இருக்கின்றன என்றும், மற்றொருவரின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முரிந்து கொல்லனின் சிறு கொட்டிலிற் கிடக்கின்றன என்றும் அது கூறும். சொல்லை மட்டும் நோக்கின், படைக்கலங்களை நன்கு பேணுபவர் முன்னவரே, அவரே உயர்ந்தவர் எனக் கொள்ளலாம். அதியமானின் தூதராய்த் தொண்டைமானிடஞ் சென்ற ஔவையார், அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டியபோது பாடியது என்னும் பழைய குறிப்பினைச் சேர்த்துப் படித்த அளவிலே, பொருள் முழுவதும் திரும்பிவிடுகின்றது. நெய் பூசிய வேல் போர் காணாத வேல். முரிந்த வேலே வென்ற வேல். பழிகரப்பைத் திறக்குந் திறவுகோல் சந்தர்ப்பக் குறிப்பிலே இருக்கின்றது.

ஆயினும் வரலாற்று மாணவன் இவ்விடத்தும் விழிப்பாயிருத்தல் வேண்டும். அக்குறிப்புக்கள் பாட்டோடு பிறந்தவை அல்ல. தொகுத்தோர் காலத்தில் அமைந்தவை எனக் கருதப்படுவன. இப்பாட்டினாற் போர் தவிர்ந்தது என்று கதை சொல்வோர் உளர். பாட்டிலும் அச்செய்தி இல்லை, குறிப்பிலும் இல்லை. குரலை அறிவதற்குச் சந்தர்ப்பம் வேண்டும். அச்சந்தர்ப்பத்தையும் சான்றுகொண்டே நிறுவுதல் வேண்டும்.

இதனால் நாம் பெறத்தக்க பயன் யாது? ஒரு பழைய பத்திரத்தையோ பாட்டையோ சான்றாகக் கொள்ளுமுன் மாணவன் நான்கு வினாக்களை எழுப்புதல் நன்று. இங்கே பேசுபவர் யார்? எழுதியவரும் பேசுபவரும் ஒருவர்தாமா? யாரை நோக்கிப் பேசுகின்றார்? அக்காலத்திலே அவ்வாறு மெய்யாகப் பேசினோர் இருந்தனரா? இவ்வினாக்களுக்கு விடை காணாது சொல்லை மட்டும் எடுத்தாளுவோர், டீபோவின் நூலைக் கொண்டு அவர் சமயப் பகைவர் என்றும், சுவிப்ற்றின் நூலைக் கொண்டு அவர் குழந்தைகளை வெறுத்தவர் என்றும், புறநானூற்றைக் கொண்டு தொண்டைமானே பெருவீரன் என்றும் எழுதிவிடுவர். மேற்கோள் ஒவ்வொன்றும் சரியாயிருக்கும். முடிவு ஒவ்வொன்றும் பிழையாயிருக்கும்.

ஆசிரியர்க்கும் இதிற் கடமையுண்டு. தொனி, உணர்ச்சிச் சூழல், பொருட்கரு என்பவற்றின் வரைவிலக்கணங்களை மனனம் செய்வித்தலால் மட்டும் ஒரு மாணவனும் குரல் கேட்கப் பழகுவதில்லை. ஒரு பகுதியை வகுப்பிலே உரக்கப் படிக்கச் செய்து, இவ்விடத்திற் குரல் உயருமா, தாழுமா, ஏன் என வினவுதல் வேண்டும். அதன்பின் அந்நூல் பிறந்த ஆண்டின் செய்திகளை விரித்துக் காட்டி மீண்டும் படிக்கச் செய்தல் வேண்டும். முதன்முறை படித்த குரலிலும் இரண்டாம் முறை படித்த குரலிலும் உள்ள வேற்றுமையை மாணவனே தன் செவியாற் கேட்பானாயின், பாடம் கற்பிக்கப்பட்டதாகும். இலக்கிய வகுப்பும் வரலாற்று வகுப்பும் வெவ்வேறு அறைகளில் நடைபெறலாம். அவ்விரண்டிடையே உள்ள கதவு திறந்தே இருத்தல் வேண்டும்.